2035-க்குப் பிறகு லீப் விநாடி கிடையாதாம்: நல்லதா, கெட்டதா?

தங்கச்சிமடம் டீச்சர்

பூமி ஒரே சீராகச் சுற்றுவதில்லை என்பதால் 1972-லிருந்து உலகக் கடிகாரங்களில் அவ்வப்போது ஒரு விநாடியைச் சேர்த்து வருகிறார்கள். இதுவரை 27 முறை சேர்த்தாயிற்று, கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31. 2022 நவம்பரில் எடை, அளவுகளுக்கான பொது மாநாடு கூடி, 2035-க்குள் இந்தப் பழக்கத்தைக் கைவிடலாம், கடிகாரத்துக்கும் பூமிக்கும் நடுவில் வித்தியாசம் கூடினால் கூடட்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டது. அடுத்த ஆண்டே துபாயில் கூடிய வானொலித் தொடர்பு மாநாடும் தலையாட்டிவிட்டது.

எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. சூரியன் உதிப்பதையும் அடைவதையும் பார்த்துத்தான் மனுஷன் நேரமே கண்டுபிடித்தான், இப்போது சீசியம் அணுவின் அதிர்வை எண்ணும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சூரியனைக் கைகழுவுவது என்ன நியாயம் என்று தோன்றுகிறது. இங்கே கடலுக்குப் போகிறவர்கள், சர்வர் பார்க்கிறவர்கள், பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்.

கீழை நெட்வொர்க்

டீச்சர், லீப் விநாடி ஒழிந்த அன்றைக்கு முதலில் கிடா வெட்டிப் பிரியாணி போடுவது எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும்.

கணினியின் கணக்கில் ஒரு நாளைக்கு 86,400 விநாடி, அவ்வளவுதான். 86,401-க்கு அங்கே இடமே வைக்கவில்லை. 59-க்கு அடுத்து 60 என்று ஒரு விநாடி வந்து நின்றால் சில கணினிகள் ஒரே விநாடியை இரண்டு தடவை எண்ணும், சிலது என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும். 2012 ஜூன் 30-ல் சேர்த்தபோது சர்வர்களை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளுக்குள் ஒளிந்திருந்த ஒரு கோளாறு கிளம்பி ரெட்டிட் மாதிரிப் பெரிய தளங்களே படுத்துவிட்டன, ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானங்களுக்குப் பயணிகளைப் பதிவு செய்யும் அமைப்பு நின்றுபோய் விமானங்கள் தாமதமாயின. நம் நேரப்படி அது ஜூலை 1 ஞாயிற்றுக்கிழமை காலை 5.30. அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில் (பெயர் வேண்டாம்) வரிசையாக எல்லா சர்வரிலும் சிபியு நூறு சதவீதத்தில் கொதிக்க ஆரம்பித்து, ஏசி தாங்காமல் ரேக் கதவுகளைத் திறந்து வைத்துப் பெடஸ்டல் ஃபேன் போட்டோம். மருந்து என்னவென்றால் டேட் கட்டளையைத் தட்டி, இப்போது என்ன மணியோ அதே மணியைத் திரும்ப ஒரு தடவை வைத்துவிட்டால் சூடு இறங்கிவிடும். இது தெரிய வருவதற்குள் மதியமாகிவிட்டது, அது வேறு கதை.

2017 புத்தாண்டில், பல இணையத்தளங்களைத் தாங்கி நடத்தும் கிளவுட்ஃப்ளேர் கம்பெனி மாட்டியது. ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்தைக் கழித்தால் விடை ஒருநாளும் மைனஸில் வராது என்று நம்பி எழுதிய நிரல், அன்றைக்கு மைனஸில் வந்ததும் கவிழ்ந்தது. கூகுள்காரர்கள் உஷார், அவர்கள் அந்த ஒரு விநாடியை 24 மணி நேரத்துக்கும் பரப்பி, ஒவ்வொரு விநாடியையும் இம்மியளவு நீட்டிவிடுகிறார்கள். அதுவும் ஒரு கூத்துதான், ஏனென்றால் அன்றைக்குப் பாதி உலகம் ஒரு நேரத்திலும் மீதி உலகம் அரை விநாடி தள்ளியும் ஓடும்.

ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அறிவிப்பே வரும். பாரிஸிலிருந்து புவிச் சுழற்சி சேவை அமைப்பு ஒரு தாள் அனுப்பும், உலகமே அதைப் பார்த்து ஓட வேண்டும்.

உச்சிப்புளி

நம்ம ஊர் பஸ் இருபது நிமிஷம் லேட்டா வந்தாலும் ஒருத்தரும் மாநாடு போட்டதில்லை. ஒரு விநாடிக்குத் துபாய் வரைக்குமா?

தேவிபட்டினம் பஞ்சாங்கம்

உச்சிப்புளித் தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. நம் கரையில் கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது, அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகிறது. ராமேஸ்வரம் இருப்பது 79.3 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், ஆகவே நமக்குச் சராசரியாக உச்சி வெயில் 12.13 வாக்கில்தான் வரும். அதிலும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பிப்ரவரி நடுவில் நட்டுவைத்த குச்சியின் நிழல் மிகக் குறுகும் நேரத்தைப் பாருங்கள், மணி 12.27 காட்டும். நவம்பர் தொடக்கத்தில் அதே குச்சிக்குப் பன்னிரண்டு அடிக்க மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போதே உச்சி தாண்டிவிடும். முப்பது நிமிட ஊசலாட்டம்!

1906 தொடங்குவதற்கு முன்னால் ரயிலெல்லாம் சென்னை நேரத்தில் ஓடியது. நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தில் நட்சத்திரம் பார்த்துக் கணித்த நேரம் அது, இன்றைய நேரத்துக்கு 8 நிமிடம் 50 விநாடி பின்னால். ஒரே நாளில் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் தள்ளி வைத்துவிட்டு நம் பாட்டன்கள் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

தினசரிக் காலண்டரில் ராகுகாலம் போடுகிறார்களே, சூரியன் தினமும் சரியாக ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. பிப்ரவரி தொடக்கத்தில் இங்கே உதயம் ஆறரையைத் தாண்டிவிடுகிறது. அரை மணி பிசகின ராகுகாலத்தைப் பார்த்துக் கல்யாணம் பேசுகிறவர்களுக்கு ஒரு விநாடியா பெரிசு? ஒரு விநாழிகையே 24 விநாடி.

தங்கச்சிமடம் டீச்சர்

ஐயா, உங்கள் கணக்கு சரி, ஆனால் அந்தப் பதின்மூன்று நிமிடம் நிலையானது. பிப்ரவரி, நவம்பர் ஊசலாட்டமும் வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். அவ்வளவு தள்ளியிருக்கிறோம் என்று தெரிந்தால் போதும், என் கொள்ளுப்பேரனும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். லீப் விநாடியை விட்டுவிட்டால் வரும் வித்தியாசம் அந்த ரகம் இல்லை, அது தங்கித் தங்கி வளர்வது. தெரிந்தே கடனை அடுத்த தலைமுறை பேரில் எழுதி வைக்கிறோம்.

பரமக்குடிக்காரன்

50 வருஷத்தில் 27 விநாடி என்றால் பூமி எவ்வளவு வேகமாக நின்றுகொண்டிருக்கிறது என்று யோசித்தீர்களா? இந்த ரேட்டில் போனால் என்ன ஆகும்?

மண்டபம் கேம்ப்

பரமக்குடி அண்ணே, அப்படிக் கூட்டக் கூடாது. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

27 விநாடி சேர்த்தோம் என்றால் பூமி 27 விநாடி மெதுவாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. 1967-ல் விநாடிக்கு இலக்கணம் எழுதும்போது சீசியம்-133 அணுவின் 9,192,631,770 அதிர்வு என்று வைத்தார்கள். அந்த எண்ணைப் பழைய வானியல் விநாடியோடு பொருத்தி எடுத்தார்கள், அந்தப் பழைய விநாடியோ 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பார்த்துக் குறித்த அளவுகளிலிருந்து வந்தது. அதனால் நம் 86,400 விநாடி நாள் என்பது உண்மையில் 1820 வாக்கில் இருந்த நாளின் நீளம். 1970-களில் நாள் அதைவிட 2, 3 மில்லிவிநாடி நீண்டிருந்தது. தினமும் 3 மில்லிவிநாடி மிஞ்சினால் ஒரு வருஷத்தில் ஒரு விநாடி சேர்ந்துவிடும். 1972-ல் இரண்டு, அப்புறம் 1979 வரை வருஷத்துக்கு ஒன்று என்று சேர்த்தது இப்படித்தான். நாளின் நீளம் கூடுவது என்று பார்த்தால் நூற்றாண்டுக்குச் சராசரியாக 2 மில்லிவிநாடிக்கும் குறைவு.

மெதுவாக்குவது நிலா. கடல் ஏறி இறங்கும்போது தரையோடு உரசுகிறது, அந்த உராய்வு பூமியின் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது, அதற்குப் பதிலாக நிலா வருஷத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. நம் பாக் நீரிணையும் இதில் சேர்த்தியா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். சேர்த்திதான், ஆனால் இங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டர்கூட வராது, நம் பங்கு சொற்பம். ஹட்சன் விரிகுடா, ஐரோப்பியக் கண்டத்திட்டு, பட்டகோனியக் கரை மாதிரி இடங்களில்தான் பெரிய உராய்வு.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை, பவளத்திலேயே பதிவாகியிருக்கிறது. பவளம் தினமும் மெல்லிசாக ஒரு சுண்ணாம்புக் கோடு வைத்து வளரும், வருஷத்துக்கு ஒரு தடித்த பட்டை விழும். 1963-ல் ஜான் வெல்ஸ் என்பவர் 38 கோடி ஆண்டு வாக்கிலான டெவோனியப் பவளப் படிமங்களை எடுத்து, ஒரு வருஷப் பட்டைக்குள் எத்தனை தினக்கோடு என்று எண்ணிப் பார்த்தார். சுமார் 400 வந்தது. வருஷத்தின் நீளம் மாறவில்லை, நாள்தான் குட்டை. அன்றைக்கு ஒரு நாள் 22 மணி நேரம்.

பாம்பன் விசைப்படகு

தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச் சுவரும் பவளப்பாறைக் கல்லுதான் தம்பி. எங்க பழைய வீடும் அப்படித்தான், பவளம் எடுக்கத் தடை வர்றதுக்கு முன்னாடி கட்டினது. சுவரில் பூப்பூவா தெரியுமே, அதுவா அந்தக் கோடு?

மண்டபம் கேம்ப்

இல்லைண்ணே, பூ மாதிரித் தெரிவது ஒவ்வொரு பவள உயிரும் குடியிருந்த குழி. கல்லை நெடுக்காக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் வருஷப் பட்டை தெரியும், சில வகைகளில் ஒரு பட்டை ஏறக்குறைய ஒரு செ.மீ. இருக்கும். தினக்கோடு மயிரிழையைவிட மெல்லிசு, நுண்ணோக்கி வேண்டும். அதோடு உங்கள் வீட்டுக் கல் சில ஆயிரம் வருஷத்துக்குள் வளர்ந்தது, அதில் எண்ணினால் 365-தான் வரும். வீட்டை அறுக்க வேண்டாம்.

பாம்பன் விசைப்படகு

சரி விடுங்க. எனக்கு வேற சந்தேகம். படகில் இருக்கிற பழைய ஜிபிஎஸ் செட்டை ரொம்ப நாள் கழிச்சு ஆன் பண்ணினா, அதில் காட்டுற மணி செல்போனைவிடக் கொஞ்சம் முன்னாடி ஓடும், கால் நிமிஷத்துக்கு மேல இருக்கும். பத்துப் பதினைஞ்சு நிமிஷத்தில் தானாச் சரியாயிடும். செட்டு கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக் புதுசு வாங்கச் சொல்றார். இதுவும் உங்க லீப் சமாச்சாரமா?

கீழை நெட்வொர்க்

அண்ணே, புதுசு வாங்காதீங்க. அதேதான்!

ஜிபிஎஸ் கடிகாரம் 1980 ஜனவரி 6-ல் ஓட ஆரம்பித்தது, அன்றையிலிருந்து அதில் ஒரு லீப் விநாடியும் சேர்த்ததில்லை. அப்புறம் உலக நேரத்தில் 18 விநாடி சேர்ந்துவிட்டது, ஆகவே ஜிபிஎஸ் நேரம் 18 விநாடி முன்னால் நிற்கிறது. எத்தனை கழிக்க வேண்டும் என்ற தகவலை செயற்கைக்கோள் மற்ற தகவல்களோடு சேர்த்து மெதுவாகத்தான் அனுப்பும், முழுச் சுற்று வர 12.5 நிமிடம் ஆகும். அது வந்து சேரும்வரை உங்கள் செட்டு கழிக்காத நேரத்தைக் காட்டும், வந்ததும் 18-ஐக் கழித்துக்கொள்ளும். இந்த 18 விநாடியால் இடம் காட்டுவதில் பிசகு வராது.

அவர்கள் ஏன் சேர்க்கவில்லை என்பதுதான் டீச்சருக்கு நான் சொல்ல வந்த பதில். ஒளி ஒரு விநாடியில் 3 லட்சம் கி.மீ. போகும், மைக்ரோவிநாடி பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட கடிகாரத்தை நடுவில் நிறுத்தி ஒரு விநாடி காத்திரு என்று எவன் சொல்வான்? துல்லியம் வேண்டியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே லீப் விநாடியை விட்டு ஓடிவிட்டார்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது நாங்கள்தான்.

தொண்டி மாலுமி

எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்று ஒரே போடாகப் போட வேண்டாம் தம்பி. கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்த காலத்தில் விடியலிலும் அந்தியிலும் செக்ஸ்டன்ட் (அடிவானத்திலிருந்து நட்சத்திரத்தின் கோணம் அளக்கும் கருவி) எடுத்து நட்சத்திரம் பிடித்தவன் நான். நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, அதே நொடியில் குரோனோமீட்டரில் நேரம் குறிக்க வேண்டும். ஒரு ஆள் செக்ஸ்டன்ட், ஒரு ஆள் கடிகாரம், "இப்போ" என்றதும் முதலில் விநாடி, பிறகு நிமிடம், பிறகு மணி என்று எழுதுவான், ஏனென்றால் விநாடிதான் முதலில் கையை விட்டுப் போகும்.

அந்த நேரம் பூமி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், அணு என்ன சொல்கிறது என்பது அங்கே உதவாது. நேரத்தில் ஒரு விநாடி பிசகினால் நில நடுக்கோட்டுப் பக்கம் கால் கடல் மைல், அதாவது 460 மீட்டர் கிழக்கு மேற்காகத் தள்ளும். இன்றைக்கு உலக நேரத்தைப் பூமியிலிருந்து 0.9 விநாடிக்கு மேல் விலக விடுவதில்லை, ஆகவே திருத்தமே போடாவிட்டாலும் கால் மைலுக்குள்தான் பிழை, நடுக்கடலில் அது ஒன்றும் இல்லை. இதையே ஒரு நிமிடம் வரைக்கும் விலக விட்டால் 15 கடல் மைல். ஏறக்குறைய ராமேஸ்வரத்துக்கும் கச்சத்தீவுக்கும் உள்ள தூரம். அந்தப் பிழையோடு யாரும் நம் கரையில் கடலுக்குப் போகச் சொல்வார்களா?

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பிக் கப்பலைத் தரைமேல் நிற்பதாகக் காட்டுவதெல்லாம் இப்போது சகஜம். அதற்காகத்தான் இன்னும் செக்ஸ்டன்டைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கீழை நெட்வொர்க்

காக்கா, திருத்தம் போட்டால் தீர்ந்ததே. பூமி நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புவிச் சுழற்சி சேவை தினமும் வெளியிடத்தான் போகிறது. நாவிகப் பஞ்சாங்கத்தில் முதல் பக்கத்தில் அச்சடித்தால் ஒரு கழித்தல் கணக்கு. நட்சத்திரம் பிடிக்கிற மனுஷனுக்கு அது ஒரு பாரமா?

உச்சிப்புளி

அப்போ விநாடியையே கொஞ்சம் நீட்டிட்டா என்ன? பூமிக்கும் நிம்மதி, சர்வருக்கும் நிம்மதி.

மண்டபம் கேம்ப்

விநாடியை நீட்டினால் மீட்டரும் நீளும், ஒளி ஒரு விநாடியின் இத்தனையில் ஒரு பங்கில் போகும் தூரம்தான் மீட்டர். அப்புறம் கிலோகிராம், ஆம்பியர் எல்லாம் அதோடு கட்டிக் கிடக்கின்றன. அதுவும் பூமி மனம் மாறும்போதெல்லாம் நீட்டிச் சுருக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மனம் மாறுகிறது என்று சும்மா சொல்லவில்லை. 2020-லிருந்து பூமி வேகம் பிடித்திருக்கிறது. 2024 ஜூலை 5-ஆம் தேதி நாள் 86,400 விநாடிக்கு 1.66 மில்லிவிநாடி குறைவாக முடிந்தது, அணுக் கடிகாரம் வந்த பிறகு அளந்ததில் அதுதான் மிகக் குட்டையான நாள். நிலா இழுத்துக்கொண்டே இருந்தும் வேகம் கூடக் காரணம் உள்ளே, திரவக் கருவத்தில் நடக்கும் ஓட்டத்தில் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் காற்று மண்டலமும் ஒரு மில்லிவிநாடி அளவுக்கு விளையாடும், ஜூலை, ஆகஸ்டில் நாள் குட்டையாவது அதனால்தான். 2004 சுனாமியைக் கிளப்பிய சுமத்ரா நிலநடுக்கம்கூட நாளை 2.68 மைக்ரோவிநாடி குறைத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இதே போக்கில் போனால் விநாடியைச் சேர்ப்பதற்குப் பதில் ஒன்றைக் கழிக்க வேண்டி வரும். 2024-ல் டங்கன் ஆக்னியூ என்ற புவியியற்பியலாளர் எழுதிய கட்டுரையில் இன்னொரு திருப்பம்: கிரீன்லாந்து, அண்டார்டிகா பனி உருகி அந்த எடை துருவத்திலிருந்து நடுப்பகுதிக்கு வருகிறது, சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவன் கையை நீட்டினால் வேகம் குறைவதுபோல அது பூமியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது. அதனால் 2026-ல் வர வேண்டிய கழித்தல் 2029 வாக்கில் தள்ளிப் போயிருக்கிறது என்பது அவர் கணிப்பு.

கீழை நெட்வொர்க்

அந்தக் கழித்தலை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 58-க்கு அடுத்து நேராக 00. உலகத்தில் ஒருமுறைகூட நடந்ததில்லை. சேர்ப்பதை 27 முறை செய்து பார்த்தும் ஒழுங்காக வரவில்லை, இது எந்த மென்பொருளில் எந்த மூலையில் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் கடன் என்கிறார். கடன் இப்போதைக்கு இரண்டு பக்கமும் மாறி மாறித்தானே ஏறுகிறது, விட்டுவைத்தால் கொஞ்சம் தானாகவே கழிந்தும் போகலாம்.

நம்ம ஊர்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழுகை நேரத்துக்கு இதனால் ஒன்றும் இல்லை. லுஹருக்கு சூரியன் உச்சி சாய வேண்டும், மஃரிபுக்கு அடைய வேண்டும், கடிகாரம் என்ன சொன்னாலும் அட்டவணை சூரியனை வைத்துத்தான் போடுவது. சென்னை அட்டவணையைப் பார்த்துக் கீழக்கரையில் நோன்பு திறந்தால் ஆறேழு நிமிடம் முந்திவிடும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தங்கச்சிமடம் டீச்சர்

குறுகிய காலத்தில் மாறி மாறி ஏறலாம் தம்பி, நெடுங்காலத்தில் ஒரே பக்கம்தான். கி.மு. 136 ஏப்ரல் 15-ல் பாபிலோனில் முழு சூரிய கிரகணம் பார்த்துக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பூமி அன்றையிலிருந்து இன்றைய வேகத்திலேயே சுற்றியிருந்தால் அந்த நிழல் பாபிலோனில் விழுந்திருக்காது, 48 பாகை மேற்கே போயிருக்கும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். இரண்டாயிரம் வருஷத்தில் அவ்வளவு சேர்ந்திருக்கிறது.

தேவிபட்டினம் பஞ்சாங்கம்

ஒரு மணி நேரம் சேர இன்னும் பல நூற்றாண்டு ஆகும் அம்மா. அதற்குள் தேவைப்பட்டால் 1906-ல் ஒன்பது நிமிடம் தள்ளி வைத்த மாதிரி அவரவர் நாடு தள்ளி வைத்துக்கொள்ளட்டும். தினம் தினம் பயந்து சாவதைவிட அது மேல்.

தங்கச்சிமடம் டீச்சர்

1906-ல் தள்ளி வைத்தது கைக்கடிகாரமும் ரயில்வே ஸ்டேஷன் கடிகாரமும் ஐயா. ஒரு விநாடிக்கே சர்வர் கொதிக்கிறது என்று இங்கேயே படித்தோம். நூறு வருஷம் கழித்து மொத்தமாக ஒரு நிமிடம் சேர்க்கச் சொன்னால், அதற்கு முன் ஒருமுறைகூடச் செய்து பார்க்காத ஆட்கள் செய்ய வேண்டியிருக்கும். 27 முறை பழகியதற்கே இந்த லட்சணம்.

கீழை நெட்வொர்க்

ம்ம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. புது வரம்பு எவ்வளவு என்பதையும் அந்தத் தீர்மானம் சொல்லவில்லை, குறைந்தது நூறு வருஷத்துக்குத் தாங்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது.

தொண்டி மாலுமி

வரம்பு எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வானொலி நேர சமிக்ஞையில் டிக் டிக் என்று வரும்போதே சில விநாடிகளில் ஒலியை மாற்றி, பூமி நேரத்துக்கு எவ்வளவு திருத்தம் போட வேண்டும் என்று பத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் அனுப்புவார்கள். அந்தக் குறியீட்டில் ஒரு விநாடிக்கு மேல் சொல்ல இடமே இல்லை. பஞ்சாங்கத்தில் அச்சடிக்கலாம் என்றாய், ஒரு வருஷத்துக்கு முன்கூட்டி அச்சடித்தால் நடுவில் பூமி மாறுவதற்கு என்ன செய்வது? இணையத்தில் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லாதே. இணையமும் ஜிபிஎஸ்ஸும் செத்த அன்றைக்குத்தான் செக்ஸ்டன்டை வெளியே எடுப்போம்.

கீழை நெட்வொர்க்

ஒரு வருஷத்துக்குள் பூமி ஒரு விநாடி அளவுக்கு மேல் ஏமாற்றாது காக்கா, போன வருஷ அச்சை வைத்துக்கொண்டாலே உங்கள் கால் மைலுக்குள் வந்துவிடும். வானொலிக் குறியீட்டுக்கு நீங்கள் சொல்வது சரி, அதைப் புதுசாக எழுதித்தான் ஆக வேண்டும். 2035 வரைக்கும் அவகாசம் கேட்டதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

பாம்பன் விசைப்படகு

மெக்கானிக்கிட்ட 18 விநாடிக் கதையைச் சொன்னேன். நம்ப மாட்டேங்கிறார். அந்த 12.5 நிமிஷ சமாச்சாரத்தைத் தனியா நாலு வரியில் எழுதிப் போடுங்க தம்பி, அவருக்கு அனுப்பணும்.